ஆடி கடைசி வெள்ளியும் ஆகஸ்ட் 15 கிராம சபையும் ஒரே நாளில்: எங்கள் மகளிர் வட்டம் என்ன செய்யலாம்?

தறிச்சத்தம்
2025 ஜூலை 6, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பாதிப் பேர் பட்டுத் தறி, மீதிப் பேர் மல்லாட்டை, நெல். இரண்டு வருடத்துக்கு மேலாக எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஓர் அரசியல் வட்டம் நடத்துகிறோம். இது கட்சி இல்லை, சுய உதவிக் குழுவும் இல்லை. கடன், சீட்டு எதுவும் கிடையாது. ஊராட்சியில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது, கிராம சபையில் எழுந்து பேசுவது, அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பெண்களைத் தயார் செய்வது. இவ்வளவுதான் வேலை. ஆளுக்கு மாதம் இருபது ரூபாய். அது ஜெராக்ஸுக்கும் டீக்கும் போகும்.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் கோயில் மண்டபத்தில்தான் உட்கார்ந்தோம். நிழல் இருக்கும், ஃபேன் இருக்கும். நாலு மாதம் கழித்துத்தான் காலனிப் பெண்கள் ஒருத்தரும் வருவதில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. அவர்களைக் கூப்பிடத்தான் செய்தோம். ஆனால் எந்த இடத்துக்குக் கூப்பிடுகிறோம் என்று யோசிக்கவில்லை. இப்போது ஊராட்சி சேவை மையக் கட்டடத்தில் ஒரு மாதம், காலனி அங்கன்வாடி வாசலில் ஒரு மாதம் என்று மாறி மாறி நடத்துகிறோம். முதல் மாற்றத்தில் மேல்தெருவிலிருந்து ஆறு பேர் நின்றுவிட்டார்கள். அதில் நாலு பேர் பிறகு திரும்பி வந்தார்கள். காலனியிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். இன்று வட்டத்தில் அதிகம் பேசுகிறவர்களே அவர்கள்தான்.

மே 1 சபைக்கு மூன்று விஷயத்தோடு போனோம். காலனித் தொட்டியைச் சுத்தம் செய்கிற தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும், அங்கன்வாடிப் பாதைக்கு விளக்கு வேண்டும், சுடுகாட்டுப் பாதையை அளக்க வேண்டும். முதல் இரண்டும் பேசி முடித்தபோது மணி ஒன்றரை. சமைக்க வேண்டும் என்று எல்லாரும் கிளம்பிவிட்டோம். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் கேட்டு வாங்கிப் பார்த்தால், தொட்டி விஷயம் தீர்மானமாகவே எழுதியிருக்கிறது. விளக்கு விஷயத்தில் 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரே சொல். சுடுகாட்டுப் பாதை பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் பேசியதற்கு மொத்த ஊரும் சாட்சி, ஆனால் புத்தகத்தில் அது இல்லை.

அதனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு இப்படித் திட்டம் வைத்திருக்கிறோம். ஜூலை 20 ஞாயிறு, நான்கு தெருவிலும் குழாயடியில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து எழுதுவது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பது கையில் எழுத்தாக இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஜூலை 30 புதன் மாலை நூலகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள் கூட்டம். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, அன்று கூட்டம் இல்லை. ஆகஸ்ட் 10 ஞாயிறு சபைக்கு ஒத்திகை. ஆகஸ்ட் 15 சபை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இந்த வருடம் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. அது ஆடி கடைசி வெள்ளி. எங்கள் ஊரில் அன்றுதான் அம்மனுக்குக் கூழ் வார்த்தல். கேழ்வரகு மாவு சேகரிப்பதிலிருந்து கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரை வதக்கி, ஊற்றி முடிக்கிறவரை முழுக்கப் பெண்கள் வேலை. உச்சிப்பொழுதில்தான் ஊற்றுவார்கள். சபை பதினோரு மணிக்கு. எங்களில் முக்கால்வாசிப் பேர் கூழுக்குப் போயே ஆக வேண்டும். என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல்
2025 ஜூலை 7, காலை 6.15

அக்கா, தென்காசி மாவட்டத்தில் நான் ஒரு வார்டு உறுப்பினர். எங்கள் பக்கம் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. அதனால் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை இருக்கிறது. உங்கள் பக்கம் 2019 டிசம்பரில் நடந்தது, இந்த ஜனவரி 5 ஓடு முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான் இருப்பார், இல்லையா? மக்கள் பிரதிநிதி இல்லாத நேரத்தில் இப்படி ஒரு வட்டம் இருப்பது பெரிய காரியம். விடாதீர்கள்.

உங்கள் 'பரிசீலிக்கப்படும்' கதையைப் படித்ததும் என் முதல் வருடம் ஞாபகம் வந்தது. மாதக் கூட்டத்துக்குப் போவேன். மினிட் புத்தகத்தை நீட்டுவார்கள். எழுதாத பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். "அப்புறம் எழுதிக்கலாம்மா" என்பார்கள். ஏழு கூட்டத்துக்கு அப்படிப் போட்டேன். அதில் என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது. எட்டாவது கூட்டத்தில், "எழுதி முடித்து வாசித்துக் காட்டுங்க, அதுவரைக்கும் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வீட்டில் சோறு வடித்தது என் மாமியார். "நீ முடிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

உங்கள் ஒத்திகையில் பேசுவதற்கு மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பதற்கும் ஆள் குறித்து வையுங்கள். பேசுகிறவர் ஒருவர், காத்திருக்கிறவர் வேறொருவர். காத்திருக்கப் போகிறவர் வீட்டில் அன்றைக்கு யார் சமைப்பது என்பதையும் ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

பேரேடு
2025 ஜூலை 7, காலை 10.30

ஊராட்சிச் செயலராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சகோதரிகள் கேட்டிருக்கிற விஷயத்தில் நடைமுறை தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலாவது, குறைவெண் வரம்பு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் சபையில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் எந்த அளவு என்று தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் கூழுக்குப் போய்விட்டால் இந்த எண்ணே நிரம்பாமல் போகலாம். இந்தக் கணக்கைத் தனி அலுவலரிடமும் எடுத்துச் சொல்லுங்கள், கோயில் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். சபை கலைந்துவிட்டால் ஊர் வேலை எல்லாமே தள்ளிப்போகும் என்பது அவர்களுக்கும் புரியும்.

இரண்டாவது, கோயில் வாசலிலேயே சபையை வைத்துவிடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது கூடாது. மதச்சார்புள்ள வளாகத்தில் கிராம சபை நடத்தக்கூடாது என்று அறிவுறுத்தல் இருக்கிறது. காலனிப் பெண்கள் வரவில்லை என்று நீங்களே அனுபவத்தில் கண்டிருக்கிறீர்கள். அந்த விதியின் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது, மனுவை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு படி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். சபைக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அன்றைக்குத் திடீரென்று எழுப்புகிற விஷயத்தைத்தான் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி முடிப்பது சுலபம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை. எழுதச் சொன்னவர்கள் இருந்தார்கள், தடுக்க ஆள் இல்லை.

நான்காவது, படிவம் 30 என்று கேளுங்கள். வரவு செலவு விவரம் அதில் இருக்கும். சபையில் அதை வைக்க வேண்டும். "கணக்கு காட்டுங்க" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "படிவம் 30 எங்கே?" என்று கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

காட்டுமல்லி
2025 ஜூலை 7, மாலை 4.05

மதுரையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் செய்கிற வேலையை மதிக்கிறேன். ஆனால் "இது கட்சி இல்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிக்கொள்வது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. அரசியல் வட்டம் என்று பெயர் வைத்துவிட்டுக் கட்சியிலிருந்து விலகி நிற்க முடியுமா?

எங்கள் ஊரில் லீலாவதி இருந்தார். வில்லாபுரம் பகுதி, மார்க்சிஸ்ட் கட்சி. 1996 தேர்தலில் மாமன்ற உறுப்பினரானார். அந்தப் பகுதிக்கு மாநகராட்சிக் குடிநீர் வரவேண்டும் என்று விடாமல் நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொன்றார்கள். குழாயில் தண்ணீர் வருவது சிலருக்கு நஷ்டம் என்பதுதான் விஷயம். அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்ததால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது, அவர் போன பிறகும் அந்தக் கோரிக்கை சாகவில்லை. தனியாக நிற்கிற பெண்ணைச் சாய்ப்பது எளிது. குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று அளக்கப் போகிறீர்கள். அது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

தறிச்சத்தம்
2025 ஜூலை 7, இரவு 10.20

காட்டுமல்லி அக்கா, உங்கள் கேள்வியை நாங்களும் எங்களுக்குள் கேட்டிருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். வட்டத்தில் மூன்று கட்சிக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கிளை நிர்வாகி. யாரையும் கட்சியை விட்டு வரச் சொல்லவில்லை. விதி ஒன்றே ஒன்று: வட்டத்துக்குள் உட்கார்ந்து கட்சிக்கு ஓட்டுக் கேட்கக்கூடாது, கொடி, துண்டு கூடாது. ஏன் என்றால், எங்கள் ஊரில் ஒரு கட்சிப் பெயர் விழுந்துவிட்டால் மறுநாளே பாதி வீட்டில் "நீ போகாதே" என்று சொல்லிவிடுவார்கள். லீலாவதி பற்றி எங்கள் கூட்டத்தில் கட்டாயம் பேசுகிறோம். முத்துலட்சுமி ரெட்டி கூட்டத்தோடு சேர்த்தே பேசலாம் என்று தோன்றுகிறது.

பேரேடு ஐயா, படிவம் 30 இதுவரை எங்களுக்குத் தெரியாது. நன்றி. எங்கள் ஊர் சுமார் 2,400 பேர். அப்படியானால் நூறு பேர் வேண்டும்.

ஜெர்சிமழை
2025 ஜூலை 8, அதிகாலை 3.50

எங்களுக்கு இங்கே மாலை, அதனால் இந்த நேரத்தில் எழுதுகிறேன். அமெரிக்காவில் நியூஜெர்சி. பத்து வருடமாக எங்கள் வட்டாரத்து மகளிர் அரசியல் மன்றத்தில் இருக்கிறேன். தமிழச்சி நான் ஒருத்திதான் அதில்.

காட்டுமல்லி கேட்ட கேள்விக்கு இங்கே இரண்டு விடை இருக்கிறது. எங்கள் மன்றம் ஒரு கட்சியோடு சேர்ந்தது. வெளிப்படையாக அந்தக் கட்சி வேட்பாளருக்கு வேலை செய்கிறோம். இந்த வருடம் நவம்பர் 4 அன்று ஆளுநர் தேர்தல். அதனால் இப்போதே வாரம் ஒரு நாள் நூலகத்தில் உட்கார்ந்து வாக்காளர்களுக்குக் கையால் அஞ்சலட்டை எழுதுகிறோம். செப்டம்பர் முதல் வீடு வீடாகப் போவோம். இது ஒரு வகை. இன்னொரு வகை, மகளிர் வாக்காளர் கழகம். 1920இல், பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆம் திருத்தம் நிறைவேறிய அதே வருடம் தொடங்கியது. அவர்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவும் மாட்டார்கள், எதிர்க்கவும் மாட்டார்கள். பெயர் சேர்ப்பது, வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது, அதுதான் அவர்கள் வேலை. இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. ஒரே அமைப்பு இரண்டையும் செய்யப் போனால்தான் குழப்பம்.

அந்த வேட்பாளர் கூட்டங்களில் நான் பார்த்த ஒரு நல்ல வழக்கம் உங்களுக்குப் பயன்படலாம். யாரும் மைக்கில் எழுந்து கேட்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். கேள்வியை எழுதிக் கொடுத்தால் நடத்துபவர் வாசிப்பார். இங்கே வந்த புதிதில் என் ஆங்கிலத்தை நினைத்து வாயே திறக்காமல் இருந்தேன். என் முதல் கேள்வி ஓர் அட்டையில்தான் போனது. பள்ளிப் பேருந்து நிறுத்தம் பற்றி. அதை இன்னொருவர் குரலில் கேட்டபோது, "அட, இது கேட்கக்கூடிய கேள்விதான்" என்று எனக்கே தைரியம் வந்தது.

இந்த நியூஜெர்சியில் 1776லேயே சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டு இருந்தது. 1807இல் பிடுங்கிவிட்டார்கள். திரும்பக் கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கிடைத்ததைப் புத்தகத்தில் எழுத்தாகக் காவல் காக்க வேண்டும் என்று பொதிகைச்சாரல் சொல்வதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

இருபத்தொன்று
2025 ஜூலை 8, மதியம் 1.10

நான் செய்யாறு பக்கம், தறிச்சத்தம் அக்கா ஊருக்கு ரொம்ப தூரம் இல்லை. கல்லூரி முடித்துவிட்டேன். போன மாதம்தான் 21 வயது முடிந்தது. வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா? எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் லட்சக்கணக்கில் செலவாகும் என்பார்கள்.

பேரேடு
2025 ஜூலை 8, மாலை 5.45

மகளே, தாராளமாக நிற்கலாம். உள்ளாட்சிக்கு 21 வயது நிறைந்திருந்தால் போதும். வாக்காளர் பட்டியலில் உன் பெயர் அந்த ஊராட்சியில் இருக்கிறதா என்று முதலில் பார். கல்லூரி விடுதி முகவரிக்கு மாற்றியிருந்தால் திரும்ப மாற்று.

2019 தேர்தலில் காப்புத் தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 600, ஒன்றியக் குழு உறுப்பினருக்கு 600, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு 1,000. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதி கட்டினால் போதும். செலவு வரம்பு வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. அடுத்த தேர்தலுக்கு அறிவிப்பு வரும்போது இதில் மாற்றம் இருக்கலாம், அப்போது பார்த்துக்கொள். லட்சம் செலவாகும் என்று வீட்டில் சொன்னால், வரம்பே ஒன்பதாயிரம்தான் என்று சொல்.

இன்னொன்று. வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சிச் சின்னம். ஆகவே இங்கே நடக்கிற கட்சி விவாதத்துக்கு ஊராட்சி அளவில் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி வைக்காமல், ரசீதை ஒரு உறையில் போட்டு வைத்துக்கொள். வேட்பு மனு நாளன்று ரசீது தேடி அலைந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொதிகைச்சாரல்
2025 ஜூலை 8, இரவு 8.30

தங்கச்சி, நான் மொத்தமாகச் செலவு செய்தது ஆறாயிரத்துச் சொச்சம். அதில் பாதி நோட்டீஸ். வார்டில் எத்தனை ஓட்டு இருக்கப் போகிறது? எல்லா வீட்டுக்கும் மூன்று தடவை நடந்தே போய்விடலாம். முதல் தடவை உன் பெயரைச் சொல்லு. இரண்டாவது தடவை அவர்கள் குறையைக் கேட்டு எழுதிக்கொள். மூன்றாவது தடவைதான் ஓட்டுக் கேட்கணும்.

2016இல் சட்டத்தைத் திருத்தி இங்கே உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தார்கள். அதற்கு முன் மூன்றில் ஒரு பங்குதான். இடம் பாதி வந்துவிட்டது, நாற்காலி பல ஊரில் இன்னும் வரவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020இல் வெளிவந்ததே, மறந்திருக்காது. அந்தப் படம் வராமல் இருந்திருந்தால் எத்தனை வருடம் அப்படியே போயிருக்குமோ. தறிச்சத்தம் அக்கா, நீங்கள் இடம் மாற்றி மாற்றி உட்காருகிறீர்கள் என்று சொன்னதைத்தான் இந்த இழையில் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன். உங்கள் வட்டத்திலிருந்து ஒரு காலனிப் பெண் தலைவராக வந்தால், அவர் உட்காருகிற நாற்காலிக்கு இப்போதே நாற்பது பேர் சாட்சி இருக்கிறார்கள்.

நொய்யல்
2025 ஜூலை 9, காலை 11.20

கோவையிலிருந்து ஒரு கேள்வி. நாங்கள் மாநகராட்சியில் இருக்கிறோம். எங்களுக்குக் கிராம சபை கிடையாது. எங்கள் தெருப் பெண்கள் இப்படிச் செய்ய வழி இருக்கிறதா? எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு தோழிதான் எல்லாக் கணக்கையும் பார்க்கிறார்.

பேரேடு
2025 ஜூலை 9, மதியம் 2.00

இருக்கிறது. நகரத்தில் பகுதி சபை என்று பெயர். வருடத்தில் நான்கு நாள்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. உங்கள் வார்டு மாமன்ற உறுப்பினரிடம் உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது என்று இப்போதே கேளுங்கள். செப்டம்பர் 15க்கு இரண்டு மாதம் இருக்கிறது, போதுமான நேரம்.

உங்கள் தோழிக்கும் ஒரு செய்தி. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராகச் சேர்க்க ஏப்ரலில் சட்டப்பேரவையில் சட்டத் திருத்தம் நிறைவேறியிருக்கிறது. விண்ணப்பம் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

காட்டுமல்லி
2025 ஜூலை 10, இரவு 9.15

தறிச்சத்தம், உங்கள் பதிலை இரண்டு நாள் யோசித்தேன். "நீ போகாதே" என்று வீட்டில் சொல்வார்கள் என்றீர்களே, அது எனக்கு உறைத்தது. நகரத்தில் இருந்துகொண்டு அதை மறந்துவிடுகிறோம். உங்கள் விதி உங்கள் ஊருக்குச் சரிதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரே வார்டில் வட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் எதிரெதிராக நின்றால் என்ன செய்வீர்கள்? அதை இப்போதே பேசி வையுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு பேசினால் வட்டம் உடைந்துவிடும். நான் இருந்த ஒரு மாதர் குழு அப்படித்தான் உடைந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி கூட்டத்துக்கு ஒரு குறிப்பும் தருகிறேன். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்தில் 1921இலேயே, சொத்துத் தகுதியோடுதான் என்றாலும், பெண்களுக்கு ஓட்டு வந்தது. சில வருடத்தில் முத்துலட்சுமி சென்னை சட்ட மேலவைக்கு முதல் பெண் உறுப்பினராகப் போனார், துணைத் தலைவராகவும் ஆனார். அவர் தனியாக ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. பின்னால் ஒரு சங்கம் இருந்தது, கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். உங்கள் பெண்களுக்கு அந்தப் பகுதியைச் சொல்லுங்கள். "முதல் பெண்" என்று மட்டும் சொன்னால் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தறிச்சத்தம்
2025 ஜூலை 13, இரவு 10.50

இன்று கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். நிறைய நடந்தது.

முதலில் கூழ். நேற்று கோயில் பெரியவர்களைப் பார்க்கப் போனோம். பேரேடு ஐயா சொன்ன நூறு பேர் கணக்கைச் சொன்னோம். அவர்கள் யோசித்தார்கள், வழக்கத்தை மாற்ற முடியுமா என்று தயங்கினார்கள். அங்கே மாவு சலித்துக்கொண்டிருந்த ஓர் ஆயா, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா காத்திருப்பா, ஆபீசர் காத்திருப்பாரா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் இல்லை. வருடா வருடம் முதல் கரண்டி அவர் கையால்தான் ஊற்றுவது. பிற்பகல் மூன்று மணிக்குக் கூழ் என்று முடிவாகிவிட்டது. விடியற்காலையிலேயே காய்ச்சி இறக்கிவிட்டு, பத்தரைக்கு எல்லாரும் சபைக்குப் போகிறோம். அண்டா பக்கத்தில் காவலுக்கு ஆண்கள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம், சரி என்றார்கள். இந்த வருடம் காலனித் தெருவுக்கும் கூழ் வண்டி போக வேண்டும் என்று அந்த இடத்திலேயே கேட்டோம். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. விடமாட்டோம்.

அட்டை யோசனையை இன்றைக்கே செய்து பார்த்தோம், ஜெர்சிமழை. பிள்ளைகளின் பழைய நோட்டு அட்டையை வெட்டிக் கொடுத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தோரு அட்டை வந்தது. இரண்டு வருடமாக வட்டத்தில் வாய் திறக்காத ஒரு அக்கா எழுதச் சொன்னது இது: "முதியோர் உதவித்தொகைக்கு எத்தனை தடவை மனு கொடுத்தால் தருவார்கள்? நான் மூணு தடவை கொடுத்துவிட்டேன்." அவருக்கு இந்தக் கஷ்டம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். ஜூலை 15 முதல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம் தொடங்குகிறது. எங்கள் பக்கம் முகாம் வரும் நாளில் அவரோடு இரண்டு பேர் போகிறார்கள், மனுவின் நகலோடு.

காட்டுமல்லி அக்கா கேட்டதையும் பேசினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, குரலும் உயர்ந்தது. கடைசியில் இப்படி முடிவு: எதிரெதிராக யார் நின்றாலும் வட்டம் யாருக்கும் ஓட்டுக் கேட்காது. ஆனால் நிற்கிற எல்லாருக்கும் வேட்பு மனு எழுத ஒரே மாதிரி உதவும். நிற்கிற பெண்கள் அந்த மாதங்களில் பொறுப்பில் இருக்கக்கூடாது. எல்லாரும் இதற்குக் கை தூக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஐந்து பேர் தூக்கவில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்தோம்.

செப்டம்பரில் மாதிரி வாக்குப்பதிவு வைக்கப் போகிறோம். ஊராட்சித் தேர்தலில் ஆளுக்கு நாலு சீட்டு வரும். போன தடவை வார்டுக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மடிக்கிற விதம், முத்திரை குத்துகிற இடம் தெரியாமல் நிறைய ஓட்டு வீணாகிறது. கலர்த் தாள் வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 15க்கு ஆள் பிரித்தது: சுடுகாட்டுப் பாதைக்குப் பேச ஒருவர், தொட்டிக்கு ஒருவர், விளக்குக்கு ஒருவர், படிவம் 30 கேட்க ஒருவர். மனு மூன்றும் ஆகஸ்ட் 7க்குள் இரண்டு படியாகப் போகும். தீர்மானம் எழுதி வாசிக்கிறவரை உட்கார்ந்திருக்க எட்டுப் பேர். அந்த எட்டு வீட்டிலும் அன்றைக்கு மதியம் சமைப்பது யார் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறோம், பொதிகைச்சாரல். ஆறு வீட்டில் ஆண்கள் பெயர். இரண்டு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இருபத்தொன்று
2025 ஜூலை 14, காலை 7.30

அக்கா, ஒத்திகையைப் பார்க்க நான் வரலாமா? வீட்டில் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா, எந்த பஸ் என்று கேட்கச் சொன்னார். அவரும் வருகிறாராம்.

தறிச்சத்தம்
2025 ஜூலை 14, காலை 8.05

கட்டாயம் வாம்மா, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ஆகஸ்ட் 10 ஞாயிறு, காலை பத்து மணி, இந்தத் தடவை காலனி அங்கன்வாடி வாசல். எந்த பஸ், எங்கே இறங்குவது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன். நிறுத்தத்தில் ஒரு ஆள் நிற்பார். மதியம் சாப்பாடு இங்கேதான். வீட்டு வரி ரசீதை எடுத்து வா, எல்லாருக்கும் காட்டலாம்.